தெரு ஸ்கெட்சின் கோட்டைப் படிக்கப் பழகுவது: அசலைப் பார்ப்பதா, நகல் வரைவதா, தெருவிலேயே உட்காருவதா?

பினாங்கில் வார இறுதிகளில் மடியில் ஸ்கெட்ச் புத்தகத்தோடு ஐந்தடியில் (கடைவீடுகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) உட்கார்ந்திருப்பவர்களை எளிதாகப் பார்க்கலாம். அவர்களில் பலருக்கும், தாங்கள் வரையாமல் பார்த்து ரசிக்க மட்டுமே விரும்புகிறவர்களுக்கும், ஒரு விஷயம் பிடிபடாமலே இருக்கிறது. நவீனப் பாணிப் பென்சில் ஸ்கெட்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் சாய்ந்திருக்கும். ஜன்னலுக்கு நான்கு கீறல்தான். விளக்குக் கம்பம் கூரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். "கோட்டில் உயிர் இருக்கிறது" என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்த உயிர் தாளில் எந்த இடத்தில் இருக்கிறது, எதைப் பார்த்தால் தெரியும் என்பதுதான் கேள்வி.

இதைப் பழக மூன்று வழிகள் உண்டு. கலைக்கூடத்தில் அசலைப் பார்ப்பது, நல்ல ஸ்கெட்ச் ஒன்றைப் பார்த்து நகல் வரைவது, பென்சிலோடு தெருவில் போய் உட்காருவது. மாதத்தில் இரண்டு மூன்று அரை நாள்தான் கிடைக்கும் என்றால் எதில் தொடங்குவது? பெரும்பாலோருக்கு நகல் வரைவதே சரியான தொடக்கம் என்பது எங்கள் கருத்து. ஆனால் ஒரு சாராருக்கு அதுவே கெடுதலாக முடியும். அதனால் அளவுகோல்களை முதலில் வைத்துவிடுவோம்.

எதை வைத்து எடைபோடுவது

பென்சில் கோட்டில் படிக்க வேண்டியவை நான்கு. ஒரு வழி நல்லதா என்று கேட்டால், இந்த நான்கில் எத்தனையை அது கற்றுத்தருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலாவது அழுத்தம். அழுத்தினால் கோடு கறுக்கும், அகலும், தாளில் மெல்லிய பள்ளமும் விழும். பழைய பாணியில் கனத்த கோடு என்றால் அந்தப் பொருள் அருகில் இருக்கிறது என்று பொருள். நவீனப் பாணியில் அந்த விதி உடைகிறது. தெருக்கோடியில் இருக்கும் புகைபோக்கி கன்னங்கரேலென்று இருக்கலாம், கண்ணெதிரே உள்ள தூண் நூல்போல மெலிந்திருக்கலாம். அழுத்தம் தூரத்தைப் பின்பற்றாமல் ஓவியரின் கவனத்தைப் பின்பற்றுகிறது. இந்த ஒன்று புரிந்தாலே பாதிப் படம் திறந்துவிடும்.

இரண்டாவது வேகம். இலேசான கையோடு வேகமாக இழுத்த கோடு, தாளின் சொரசொரப்பில் மேடுகளை மட்டும் தொட்டுப் போகும். நடுநடுவே வெள்ளைப் பொட்டுகள் விடும், முனை ஊசியாக முடியும். தயங்கி இழுத்த கோடு ஒரே சீராக, சற்று நடுங்கி, மழுங்கிய முனையோடு நிற்கும்.

மூன்றாவது வரிசை. எது முதலில் விழுந்தது, எது பிறகு வந்தது? தேடிப் பார்க்கும் மெல்லிய கோடுகள் மூன்று நான்கு கிடக்கும், அவற்றின் மேல் முடிவு செய்த கோடு ஒன்று ஓடும். நல்ல ஓவியர்கள் தேடிய கோடுகளை அழிப்பதில்லை.

நான்காவது, வரையாமல் விட்டது. மற்ற மூன்றும் தாளில் இருக்கின்றன, இது தாளில் இல்லை. அதனால்தான் இது கடினம்.

இவற்றோடு இரண்டு நடைமுறைக் கேள்விகளும் உண்டு: நாம் தவறாகப் படிக்கிறோம் என்றால் அது நமக்கே தெரியவருமா? பணம், பயணம், வெயில் என்று என்ன செலவாகும்?

| அளவுகோல் | அசல் | நகல் | தெரு |
|---|---|---|---|
| அழுத்தம் | முழுதாகத் தெரியும் | அச்சில் பாதி; மீதி கையில் | உங்கள் கையில் மட்டும் |
| வேகம் | ஊகிக்கலாம் | நன்றாகப் பிடிபடும் | தானாகவே வரும் |
| வரிசை | பள்ளமும் அழித்த தடமும் காட்டும் | வரையும்போது புரியும் | நீங்களே முடிவெடுப்பீர்கள் |
| விட்டது | தெரியாது | தெரியாது | இங்குதான் புரியும் |
| தவறு தெரிவது | தெரியாது | உடனே | எளிதில் தெரியாது |
| எதிர்பாராத செலவு | பயணம். படம் காட்சியில் இல்லாமை | மோசமான அச்சு | வெயில், மழை, அலங்காரத்தில் மாட்டிக்கொள்வது |

அசலைப் பார்ப்பது

அச்சில் வராத மூன்று விஷயங்களை அசல் தரும். பள்ளம் ஒன்று. கிராஃபைட்டின் (பென்சில் கரியின்) பளபளப்பு இன்னொன்று: பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கனமாக அழுத்திய கோடு உலோகம்போல மின்னும், மெல்லியது மின்னாது. ரப்பர் போட்ட தடம் மூன்றாவது. ஒரு கூரைக்கோடு முதலில் உயரமாக இருந்து பிறகு தாழ்த்தப்பட்டது என்று இந்தத் தடம் சொல்லிவிடும்.

பார்க்கும் முறை எளிது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று மொத்த அசைவைப் பாருங்கள். எந்தப் பக்கம் கனக்கிறது, கண் எங்கே ஓடுகிறது என்று மட்டும். பிறகு அரை மீட்டர் தூரத்தில் ஒரே ஒரு கோட்டை அதன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடருங்கள். கடைசியாகப் படத்தின் பக்கவாட்டுக்குப் போய்ச் சாய்கோணத்தில் பாருங்கள். கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால் நீங்கள் நகர வேண்டியதுதான். போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதில் பள்ளமும் பளபளப்பும் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், பென்சில் ஸ்கெட்சுகள் எப்போதும் சுவரில் இருப்பதில்லை. கிராஃபைட் வெளிச்சத்தில் வெளிறாது, ஆனால் தாள் பழுக்கும். ஆகவே தாளில் உள்ள படைப்புகளைக் கலைக்கூடங்கள் வழக்கமாக 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில், சில மாதங்கள் மட்டுமே வைக்கும். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு, 1958-இல் தொடங்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்துக்கோ ஜாலான் பிஞ்சாயில் உள்ள இல்ஹாம் கேலரிக்கோ போவதென்றால், ஃபெரிப் படகைப் பிடித்து பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ஈடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். போய்ச் சேர்ந்தபின் சுவரில் எண்ணெய் ஓவியமும் நிறுவல் கலையும் மட்டும் இருந்தால் ஒரு நாள் வீண். கிளம்புமுன் "தாளில் வரைந்த கோட்டோவியம் இப்போது காட்சியில் இருக்கிறதா" என்று தொலைபேசியில் கேளுங்கள். "கண்காட்சி இருக்கிறதா" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு மாற்று. இந்த மாநிலத்தின் முன்னோடிகளான யோங் முன் சென் (1896–1962), அப்துல்லா அரிஃப் (1904–1962) ஆகியோர் நீர்வண்ணத்துக்குப் பெயர்பெற்றவர்கள். நீர்வண்ண ஓவியத்தில் வண்ணம் மெலிந்த இடங்களில், குறிப்பாக வானமும் சுவரும் சந்திக்கும் விளிம்பில், அடியில் போட்ட பென்சில் தெரியக்கூடும். இவர்கள் தலைமுறைப் படங்கள் எங்கே வைக்கப்பட்டாலும் அந்த விளிம்பைத் தேடிப் பாருங்கள். வண்ணம் அந்தக் கோட்டுக்குக் கீழ்ப்படிந்ததா, மீறி வழிந்ததா என்பதிலேயே நிறையப் படிக்கலாம்.

ஒரு ஸ்கெட்சை வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு அசலைத் தவிர வேறு வழியே இல்லை. சட்டகத்திலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல விற்பனைக்கூடம் மறுக்காது. பின்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் உள்விளிம்பு மஞ்சளித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது இருந்தால் அட்டையில் அமிலம் இருக்கிறது. அமிலமற்ற அட்டையில் மறுபடி சட்டகம் போடும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது.

நகல் வரைவது

பிறர் கோட்டை உங்கள் கை ஒருமுறை போட்டுப் பார்த்தால், கண் தவறவிட்டதெல்லாம் தெரியவரும். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், "இந்தக் கோடு கீழிருந்து மேலே இழுக்கப்பட்டது" என்பது கைக்குத்தான் முதலில் புரியும். உங்கள் தாளையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்தால் தவறு அப்போதே பல்லிளிக்கும். மற்ற இரண்டு வழிகளிலும் இது கிடையாது.

யாரை எடுப்பது? தெருக்காட்சிக்கு மூன்று ஓவியர்களைச் சொல்வோம். எகோன் ஷீலே க்ருமாவ் ஊரின் வீடுகளை வரைந்தவை, விளிம்புக் கோட்டைப் படிக்க. அவருடைய கூரைகளும் ஜன்னல்களும் ரூலர் படாதவை, ஒவ்வொன்றும் முறுக்கிக்கொண்டு நிற்கும். கிர்ஷ்னர் முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் வரைந்த பெர்லின் தெருக்காட்சிகள், வேகத்தைப் படிக்க. 1905-இல் டிரெஸ்டனில் தொடங்கிய 'பாலம்' குழுவைச் சேர்ந்த அவரும் நண்பர்களும், மாடல் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றும்படி வைத்துப் பழகியவர்கள். அந்த அவசரம் அவர் தெருவிலும் இருக்கிறது. ஃபைனிங்கர் ஊர் ஊராகப் போய்க் கோபுரங்களையும் சந்துகளையும் சிறிய பென்சில் குறிப்புகளாக எடுத்தவை, சில கோடுகளிலேயே முடிப்பதைப் படிக்க. ஷீலே 1918-லும் கிர்ஷ்னர் 1938-லும் இறந்ததால் காப்புரிமைத் தடை குறைவு. அருங்காட்சியகத் தளங்களில் பெரிய அளவுப் படம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஹாப்பர், லௌரி போன்ற பிற்காலத்தவர்களுக்குச் சிறிய படம்தான் பெரும்பாலும் அகப்படும். சிறிய படத்தை வைத்து நகல் வரைவது வீண் வேலை.

அச்சில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். படத்தின் கீழே சென்டிமீட்டர் அளவு கொடுத்திருப்பார்கள். அதே அளவுக்கு அச்சிடுங்கள். அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். உள்ளங்கை அளவு ஸ்கெட்சை ஏ4-க்குப் பெரிதாக்கினால், விரல் அசைவில் பிறந்த கோட்டை முழங்கை அசைவில் போட வேண்டியிருக்கும். வேகமும் அழுத்தமும் பொய்யாகிவிடும். படத்தைப் பளிச்சென்று ஆக்கி அச்சிடுவதும் கூடாது. மெல்லிய தேடல் கோடுகள் முதலில் காணாமல் போகும், மீதியெல்லாம் ஒரே கறுப்பாகும்.

பொருள்கள் கொஞ்சம்தான். 2பி, 4பி பென்சில் ஒவ்வொன்று. 120 முதல் 160 கிராம் வரையுள்ள, சற்றே சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் தாள். 80 கிராம் நகலெடுக்கும் தாள் வேண்டாம்: அது வழவழப்பானது, வேகத்தின் வெள்ளைப் பொட்டுகள் அதில் விழாது. 6பி தொடக்கத்தில் வேண்டாம், எதைத் தொட்டாலும் கறுக்கும்.

1. ஒரே படத்தை இரண்டு பிரதி அச்சிடுங்கள். ஒன்றில் சிவப்புப் பேனாவால் முக்கியமான 10 கோடுகளுக்குத் தொடக்கத்தில் புள்ளியும் முடிவில் சிறு குறுக்குக்கோடும் போடுங்கள். மழுங்கிய முனை பெரும்பாலும் தொடக்கம், ஊசிமுனை முடிவு.
2. பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அடிமுனையால் அந்தக் கோடுகளின் மேல் காற்றில் ஓட்டிப் பாருங்கள். கை எங்கே மடங்குகிறது என்று தெரியும்.
3. வெற்றுத்தாளில் இடம் பிடிக்க ஆறு முதல் எட்டுப் புள்ளிகள், அவ்வளவுதான். கட்டம் போடாதீர்கள்.
4. முதல் நகலை நிதானமாகப் போடுங்கள். இரண்டாவதற்கு 15 நிமிடம். மூன்றாவதற்கு 5 நிமிடம். மூன்றும் ஒரே படம்தான். கோடு மூலத்தின் குணத்துக்கு நெருங்குவது பெரும்பாலும் இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான், இடம் சற்றுப் பிசகியிருந்தாலும்.
5. மூன்றையும் மூலத்தோடு வரிசையாக வைத்து, 10 கோடுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

என்ன தவறு என்பதைக் கோடே சொல்லும். எல்லாக் கோடும் ஒரே கனம் என்றால் பென்சிலின் முனைக்கு மிக அருகில் பிடித்திருக்கிறீர்கள். எட்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். கோடு முடிமுடியாக, துண்டு துண்டாக இருந்தால், பார்ப்பதும் வரைவதும் மாறி மாறி நடந்திருக்கிறது. ஒரு கோட்டை முழுதாகப் பார்த்து முடித்தபின் மூலத்தைப் பார்க்காமல் இழுக்க வேண்டும். முனைகள் எல்லாம் மழுங்கியிருந்தால், கையை நிறுத்தியபின் பென்சிலைத் தூக்குகிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்க வேண்டும். தாளில் சில இடங்களில் கிராஃபைட் பிடிக்காமல் வழுக்கினால் அது உள்ளங்கை வியர்வை. கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் வைத்தால் தீர்ந்தது.

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்து அப்படியே மேலே ஓட்டுவது நகல் வரைவதாகாது. கவனம் முழுவதும் கோட்டைவிட்டு விலகாமல் இருப்பதில் போய்விடும், அழுத்தம் தட்டையாகிவிடும். மூலத்தைத் தலைகீழாக வைத்து வரையும் பழக்கமும் இதற்கு உதவாது. வடிவத்தைச் சரியாகப் பிடிக்க அது நல்ல உத்திதான், ஆனால் கையின் இயல்பான திசை தலைகீழாகும்போது நாம் தேடும் அசைவே தொலைந்துவிடும்.

கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது விரைவில் வரும். கம்பிக்கோலத்தில் இழை அறுந்துவிடாமல் வளைவுக்கேற்ப வேகத்தை மாற்றும் பழக்கம் பென்சிலுக்கும் செல்லும். நம்மவர்களுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. கே. எம். ஆதிமூலம் 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களையும், தமிழ்ச் சிற்றிதழ்களில் அவர் தலைமுறையினர் வரைந்தவற்றையும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு, சிதறிய கோடு முழு உருவமாவது புதிதல்ல. அவை மை, இது பென்சில். மையில் அகலம் மாறும், சாம்பல் வராது. ஒரு மைக் கோட்டோவியத்தைப் பென்சிலில் நகல் எடுத்தால் அந்த வேறுபாடு முதல் ஐந்து நிமிடத்திலேயே புரியும்.

நகலின் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. அந்தத் தெருவை நீங்கள் பார்த்ததில்லை. பெர்லின் தெருவில் கிர்ஷ்னர் எதைப் பார்த்தும் வரையாமல் விட்டார் என்பதை நகல் ஒருபோதும் சொல்லாது.

தெருவில் உட்காருவது

விட்டதைக் கற்க இதுதான் இடம். ஜார்ஜ்டவுன் கடைவீடு ஒன்றின் முகப்பில் சுதை வேலைப்பாடு, சட்டப்பலகை ஜன்னல்கள், வளைவு, தூண், பெயர்ப்பலகை, ஏர்கான் பெட்டி, மின்கம்பி எல்லாம் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வரைய முடியாது. எதை விடுவது என்ற முடிவு உங்கள் தலையில் விழுகிறது. அந்த முடிவைப் பத்து முறை எடுத்தவருக்கு, பிறர் ஸ்கெட்சில் உள்ள வெற்றிடம் வெற்றிடமாகத் தெரியாது.

லெபோ ஆர்மேனியன் (ஆர்மேனியன் தெரு) வேண்டாம். 2012 சுவரோவியங்களுக்குப் பிறகு அங்கே படமெடுக்க வருகிறவர்கள் உங்களுக்கும் தெருவுக்கும் நடுவே வந்து நிற்பார்கள். லெபோ குயினில் 1833-இல் தோன்றிய மகாமாரியம்மன் ஆலயத்தின் கோபுரம் தொடக்கத்துக்குப் பொருந்தாது: ஒவ்வொரு சுதை உருவமும் "என்னை வரை" என்று இழுக்கும். அதே வட்டாரத்தின் பக்கவாட்டுத் தெருக்களோ லெபோ முன்ட்ரியோ நல்லது. ஐந்தடியின் நிழலில் உட்காரலாம். கடைக்காரரிடம் "அண்ணே, அரை மணி நேரம் இப்படி ஓரமா உட்காரட்டுமா" என்று கேட்டுவிட்டு, கதவுக்கு எதிரே இல்லாமல் தூணோரமாக.

நேரம் முக்கியம். நம் கடிகாரம் கிழக்கு மலேசியாவுக்குப் பொருந்தும் நேரத்தில் ஓடுவதால், பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. பதினொன்று முதல் மூன்றரை வரை தெருவில் உட்காருவது உடம்புக்கு ஆகாது. காலை எட்டு முதல் பத்து சரி. கோட்டைப் பழகுகிறவருக்கு மேகமூட்டமே மேல், ஏனென்றால் நல்ல நிழல் விழுந்தால் கை தானாக நிழல் தீட்டப் போய்விடும், கோடு மறந்துபோகும். செப்டம்பர், அக்டோபரில் மழை கூடுதல். ஈரக்காற்றில் தாள் மெத்தென்று ஆகி, பென்சில் தேவைக்கு அதிகமாகப் பதியும். தாள்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் எடுத்துப் போங்கள்.

முதலில் மூன்று கோடுகள் மட்டும்: கூரைகள் வானத்தைத் தொடும் விளிம்பு, ஐந்தடியின் தரை விளிம்பு, அருகில் உள்ள ஒரு தூண். ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில். நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளை அடுத்ததாகப் போட்டுவிடுங்கள், அது எந்த நேரமும் கிளம்பிவிடும். ஜன்னல் சட்டங்களை எண்ணி வரையாதீர்கள். மூன்று கீறல் போதும். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் புதுத்தாள் எடுங்கள். இதற்கு மேல் போனால் எஞ்சியிருப்பது அலங்காரம்தான்.

தெருவிலேயே ஒரு பாடமும் மாட்டியிருக்கிறது. பழைய நகரச் சுவர்களில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் 52 வைக்கப்பட்டன. கம்பியின் கனம் மாறாது, அழுத்தம் இல்லை, வேகம் இல்லை. உருவம் முழுவதும் வளைவிலும் விட்ட இடத்திலுமே நிற்கிறது. அதில் ஒன்றைப் பென்சிலில் வரைந்து, எங்கே அழுத்துவது என்று நீங்களே முடிவு செய்து பாருங்கள்; பென்சில் கூடுதலாக என்ன தருகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். கருவி மாறினால் கோடு எப்படி மாறும் என்று பார்க்க, இதே தெருக்களைக் குச்சியைச் சீன மையில் தோய்த்து வரையும் பினாங்கு ஓவியர் சிங் கியா கியானின் படங்களைத் தேடிப் பாருங்கள்.

தெருவின் குறை: தவறைச் சொல்ல ஆளில்லை. ஒப்பிட மூலம் இல்லாததால், மோசமான கோட்டையே மாதக்கணக்கில் பழகிவிடும் ஆபத்து உண்டு.

புத்தகமும் வீடியோவும்

தனி வழியாக இவற்றை எண்ண வேண்டாம். வீடியோவில் கை அசைவு தெரியும், அது பயன். ஆனால் பெரும்பாலானவை வேகத்தைக் கூட்டி ஓட்டப்படுவதால், நாம் படிக்க வேண்டிய வேகமே பொய்யாகிவிடுகிறது. ஓட்டும் வேகத்தை இயல்புக்குக் கொண்டுவர முடியாத வீடியோவை விட்டுவிடுங்கள்.

யாருக்கு எது

இதுவரை பென்சிலே பிடிக்காதவர், ரசிக்க மட்டும் விரும்புகிறவர்: நகல்தான். படம் அழகாக வராது, வர வேண்டியதும் இல்லை. ஒரே படத்துக்கு மூன்று நகல் போட்டபின் கலைக்கூடம் போங்கள். அரை மீட்டர் தூரத்தில் நிற்கும்போது பார்க்க எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

கட்டடக்கலை, வரைபடப் பயிற்சி உள்ளவர்கள்: நகலைத் தவிருங்கள். மேலே கெடுதல் என்று சொன்னது இவர்களுக்குத்தான். அளவு பிசகாமல் நகல் எடுத்துவிடுவார்கள், கோடு செத்திருக்கும், தவறு எங்கே என்றும் தெரியாது. நேரே தெருவுக்குப் போங்கள், ஐந்து நிமிடக் கெடு, ரப்பர் கூடாது.

பள்ளி ஆசிரியர்: நகல். ஒரு படம், வகுப்புக்கெல்லாம் ஒரே அளவில் அச்சு, ஒரே பென்சில். இருபது நகல்களையும் சுவரில் ஒட்டினால் ஒரே கோட்டை இருபது கை எப்படிப் போட்டது என்பதே பாடமாகிவிடும்.

முழங்கால் வலியோ வெயில் ஒவ்வாமையோ உள்ளவர்கள் நகலையும் அசலையும் வைத்தே போதிய தூரம் போகலாம். விட்டதைப் படிக்கும் பாடத்துக்கு, வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் எதிர்வீட்டு முகப்பே போதும்.

இரண்டைச் சேர்த்துச் செய்ய முடிந்தவர்கள், ஜார்ஜ்டவுனின் ஒரு மூலையை வரைந்த ஸ்கெட்சை எடுத்து வீட்டில் மூன்று நகல் போட்டு, பிறகு அதே மூலையில் போய் நில்லுங்கள். அந்த ஓவியர் கண்ணெதிரே இருந்தும் வரையாமல் விட்டவற்றை நகலின் பின்பக்கத்தில் பட்டியலிடுங்கள். அதன்பின் நீங்கள் வரைய உட்கார்ந்தால், முதல் சில தாள்களில் அந்த ஓவியரின் கைதான் வரும். அது இயல்பு, பயந்து நிறுத்திவிட வேண்டாம். இடத்தை மாற்றி, அவர் வரையாத எதிர்ப்பக்க வரிசையைப் பார்த்து உட்கார்ந்தால் அந்தப் பாதிப்பு குறையத் தொடங்கும்.